புது மெத்தையும் மதியத் தூக்கமும்

புது மெத்தையின் ரப்பர் வாடை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. அது மூக்கில் ஏறும்போதெல்லாம் உங்களிடம் ஒன்றை மறைப்பதுபோல மனசு உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் நெஞ்சுவலியில் போன பிறகு என் இடுப்பும் மோசமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு பட்டாசுக் கம்பெனியில் வருஷக்கணக்காகக் குனிந்து வெடிப் பெட்டி அடுக்கிய இடுப்பு அல்லவா, பாயில் படுத்தால் எழவே விடவில்லை. மகள்தான் பிடிவாதமாகச் சிவகாசிக் கடைக்குக் கூட்டிப்போனாள். “ரொம்ப அமுங்குற மெத்தை வேண்டாம்மா. இடுப்பு வலிக்குக் கொஞ்சம் விறைப்பா இருக்கணும். படுத்துப் பாருங்க” என்றார் கடைக்காரர். நாலு பேர் நடமாடும் இடத்தில் எப்படிப் படுப்பது? கையால் அழுத்திப் பார்த்து, “இதே போதும்” என்றேன். “கத்தரிக்காயாம்மா வாங்குற, அமுக்கிப் பாக்க?” என்றாள் உங்கள் மகள். சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு படுத்தேன். தென்னை நாரின் மேல் ரப்பர் வைத்த மெத்தை. முதுகு முழுக்கப் பதிந்தது. எழுந்திருக்க மனமே இல்லை.

வண்டியிலிருந்து இறக்கும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. “யாருக்குக்கா கல்யாணம்?” என்று எதிர்வீட்டு மாரியம்மாள் கேட்டாள். “மக வந்தா படுக்க” என்று வாய் கூசாமல் சொன்னேன்.

நாம் இருவரும் என்றைக்கு நிம்மதியாகத் தூங்கினோம்? லீவு நாளில் நீங்கள் மதியம் கண்ணயர்ந்தாலும், தூரத்தில் ‘டம்’மென்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். “ஏ புள்ள, பொகை எந்தப் பக்கம் தெரியுதுன்னு பாரு.” வேலை நாளென்றால் நீங்கள் கம்பெனிக்குள் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருப்பீர்கள், நான் தெருவில் நிற்பேன். சாயங்காலம் வந்து, “கல்குவாரி வெடி புள்ள. அதுக்குப் போயி உலை வைக்காம நின்னியா?” என்று சிரிப்பீர்கள். எனக்குக் கோபமாக வரும்.

போன வாரம் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கதவு இடிபடும் சத்தத்தில்தான் விழித்தேன். வாசலில் மாரியம்மாள், கையில் போனோடு.

“அம்புட்டுச் சத்தம் கேட்டுச்சு, நீங்க உள்ளயே இருக்கீக! கம்பெனிக்குப் போன எம்மவன் போனை எடுக்க மாட்டேங்கான்க்கா.”

தெருப் பெண்கள் எல்லாரும் மேற்கே பார்த்து நின்றார்கள். ஜன்னலெல்லாம் அதிர்ந்ததாம். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பையனே கூப்பிட்டான். குவாரி வெடிதான். அவள் என் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரிப்பின் மடிப்பு பதிந்திருந்த என் கன்னத்தைப் பார்த்தாள்.

“நல்லாத் தூங்குனீகளாக்கா?”

அவள் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

மெத்தை நல்ல மெத்தைதான். ஆனால் அந்தத் தூக்கம் மெத்தையால் மட்டும் வந்ததில்லை. கம்பெனிக்குள் இருக்கிறாரே என்று பயப்பட எனக்கு இனி ஆள் இல்லை. நீங்கள் இல்லாததில் எனக்கு இப்படி ஒரு நிம்மதி இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது. இந்த வெட்கக்கேட்டை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

இப்போதும் அதில்தான் படுக்கிறேன். வலி குறைந்திருக்கிறது. மதியம் படுக்கப்போகும் முன்பு மட்டும் எதிர்வீட்டுக்குப் போய், “சத்தம் கேட்டா என்னைய எழுப்பிரு, நானும் வந்து நிக்கேன்” என்று சொல்லிவிட்டு வருகிறேன்.