ஏழாம் வண்டி எப்போதும் தயார்

பிப்ரவரி 19, வியாழன்

நோன்பு மாதம் தொடங்கியாயிற்று. போலீஸ் ரோந்து வண்டிகளின் இடைவேளைப் பட்டியலை ஸ்டேஷன் சுவரில் ஒட்டிவிட்டார்கள். மாலைப் பாங்கு சொன்னதும் ஆறு வண்டிகளுக்கு அரை மணி நேரம், நோன்பு திறக்க. ஏழாம் வண்டி, அதாவது நான், தயார் நிலை. என் இடைவேளைக்கான கட்டத்தில் வெறும் கோடு. வருஷா வருஷம் அதே கோடுதான். இந்த ஷிஃப்டில் ஒரே கிறிஸ்தவன் நான், ஆகவே அது என் சொத்து.

பிப்ரவரி 22, ஞாயிறு

"உனக்கென்னப்பா, நீ எப்ப வேணா சாப்பிடலாம்." இன்ஸ்பெக்டர் அபூ மிஷ்அல் இன்றும் சொன்னார்.

எப்போது? பகலெல்லாம் பக்கத்து சீட்டில் என் வண்டிக் கூட்டாளி சுஃப்யான் நோன்போடு உதடு காய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் முன்னால் ரொட்டியைப் பிரிக்க மனசு வருமா? நோன்பு மாதப் பகலில் தெருவில் நின்று தின்றால் சட்டம் விடாது – தின்பவனைப் பிடிக்க வேண்டியவனே நான். பாங்கு சொன்னதும் அவனை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, தனியாக ஊரெல்லாம் ஓட்டம். வீட்டுக்குப் பறக்கிற கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதும் அப்போதுதான். மற்றவர்கள் வந்தபிறகு சாப்பிடலாமென்றால் எனக்குத்தான் கோடு இருக்கிறதே. ஆக, நோன்பு பிடிக்காதவன் நான், எல்லோரையும் விட அதிகம் பட்டினி கிடக்கிறவனும் நான்.

என் மனைவி நஜ்லா கட்டிக்கொடுக்கும் டப்பா திறக்காமலே வீடு திரும்புகிறது. "டப்பாவுக்கு ஊர் சுத்திக் காட்டவா நான் சமைக்கிறேன்?" என்கிறாள். நியாயம்தான்.

பிப்ரவரி 26, வியாழன்

இன்று எனக்கென்று ஸ்டேஷனில் ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தார்கள். சோறு, ஆட்டுக்கறி, தயிர்க்குழம்பு. ஆறிப்போய், கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்து கிடந்தது. பாசமாகத்தான் வைத்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபைத் தவக்காலம் திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாது, பால் தயிர் கிடையாது. பதினோரு வருஷம் கூடவே வேலை பார்க்கிறவர்களுக்கு இதுகூடவா தெரியாது?

தட்டைத் திருப்பி வைத்தேன். அபூ ஹன்னாவுக்குக் கோபம் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆமாம், கோபம்தான்.

மார்ச் 2, திங்கள்

ரவுண்டானாவில் திரும்பும்போது பசியில் கண் இருட்டியது. வண்டி நடைபாதைமேல் ஏறி நின்றது. அங்கே ஆள் யாரும் இல்லை. கர்த்தர் காப்பாற்றினார்.

மார்ச் 3, செவ்வாய்

இன்ஸ்பெக்டரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். மற்றவர்களுக்கு முன்னோ பின்னோ, எனக்கும் அரை மணி எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"நோன்பே இல்லாதவனுக்கு எதுக்குப்பா நோன்பு திறக்க நேரம்? ஒரு மாசம் பொறுத்துக்கோ. நீ இருக்கேன்னுதான் இவங்க நிம்மதியா உக்காந்து சாப்பிடறாங்க."

சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தையும் கையில் கொடுத்தார். வண்டியைக் கவனக்குறைவாக ஓட்டினேனாம். அடிபட்டவனுக்கே அபராதம்! என்ன ஞாயம்டா இது?

மார்ச் 5, வியாழன்

செய்துவிட்டேன்.

பாங்கு கேட்டதும் சுஃப்யானை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, வண்டியைப் பூங்கா ஓரம் நிறுத்தி மைக்கை எடுத்தேன். "கண்ட்ரோல், ஏழாம் வண்டி. இடைவேளை."

கண்ட்ரோல் அறையில் வஜ்தான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண். "சரி, ஏழு. இடைவேளை," என்றாள்.

மூன்று வாய் சாப்பிட்டிருப்பேன். அம்மான் சாலையில் இரண்டு கார் மோதி, ஓட்டியவர்கள் கட்டிப் புரள்கிறார்களென்று அழைப்பு. வஜ்தான் ஒன்றாம் வண்டியைக் கூப்பிட்டாள். இரண்டை, மூன்றை, வரிசையாக ஆறு வரைக்கும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, வாய் நிறையச் சோறு. என்னைக் கூப்பிடவில்லை.

போகட்டுமா? கை சாவிக்குப் போனது. போனால் நாளைக்கும் அதே கோடு. கையை எடுத்துக்கொண்டேன். பருப்புச் சோறு மண்ணாக இறங்கியது, ஆனாலும் கடைசிப் பருக்கை வரை தின்றேன்.

கடைசியில் அபூ மிஷ்அலின் குரல்: "நான் போறேன்." பேரீச்சம்பழம் வாயில் இருந்தது, கேட்டாலே தெரிந்தது.

மார்ச் 6, வெள்ளி

சண்டையில் ஒருவனுக்குப் பல் போய்விட்டது. அந்தப் பல் யார் கணக்கில்? என் கணக்கில் என்கிறார்கள் ஸ்டேஷனில் பாதிப் பேர். கொஞ்சம் என் கணக்கும்தான், மறுக்கவில்லை. மற்ற ஆறு வண்டிக்கும் பங்கே இல்லையா?

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். விலக்கிவிடப் போனதில் அவர் கன்னத்திலும் கீறல். "முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார்.

"செவ்வாக்கிழமை சொன்னேன் ஐயா. கடுதாசி குடுத்தீங்க."



மார்ச் 8, ஞாயிறு

சுவரில் புதுப் பட்டியல். தினம் ஒரு வண்டி தயார் நிலை, மற்றவர்கள் திரும்பியதும் அதற்கு இடைவேளை. முதல் நாளுக்கு அபூ மிஷ்அல் தன் பெயரையே எழுதியிருக்கிறார். கடிதம் மட்டும் என் கோப்பில் அப்படியே இருக்கிறது. அதையும் விடப்போவதில்லை.

மார்ச் 11, புதன்

தயார் நிலைக்கு இன்று மூன்றாம் வண்டியின் முறை. நானும் சுஃப்யானும் பூங்கா ஓரம். அவன் மொச்சை மசியல் கொண்டுவந்திருந்தான், எண்ணெய் மட்டும், தயிர் இல்லை. வீட்டில் சொல்லிச் செய்யவைத்திருக்கிறான். பசியில் நான் மூடியைத் திறக்கப் போனேன்.

"இன்னும் பாங்கு சொல்லல, அபூ ஹன்னா," என்றான் பழக்கதோஷத்தில். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சரி, இருக்கட்டும் என்றேன். இருவரும் பள்ளிவாசல் மினாராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

பாங்கு கேட்டது. கூடவே ரேடியோவும் கரகரத்தது. என் கை தன்பாட்டில் சாவிக்குப் போய்விட்டது.

"மூணாம் வண்டி," என்றாள் வஜ்தான்.

டப்பாவைத் திறந்தேன்.