தம்பிக்காக ஜெபித்துக்கொண்டிருந்தபோது

ஜூன் 9, செவ்வாய்

அலாரம் அடிக்கும் முன்பே விழித்துவிட்டேன். நாலரைக்கு முழங்காலில் நின்றேன், ஒரு மணி நேரம். போனைக் கட்டில் பக்கம் வைத்துவிட்டு, நடுவில் எதற்கும் எழுவதில்லை என்பது என் சட்டம். "கர்த்தரே உன்கிட்ட முன்கூட்டி நேரம் கேட்டுட்டுத்தான் வரணும் போல" என்றார் இவர், போர்வைக்குள்ளிருந்து. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வேலையில் இன்று அறுவை சிகிச்சைக் கருவிகள் மலைபோல் வந்தன. கழுவி, துடைத்து, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்துக்குள் அடுக்கியே இடுப்பு விட்டுப்போனது.

சாயங்காலம் தம்பி வந்தான். குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. முகத்தில் களை திரும்பியிருக்கிறது. நானும் சும்மா இராமல் ஆரம்பித்தேன்: விடியலில் எழுந்திரு, வேதம் வாசி, வாரம் ஒருநாள் உபவாசம் இரு. அவன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, கட்டுப்பாட்டை நம்பி எத்தனை தடவை விட்டேன், எத்தனை தடவை கவுந்தேன். இப்ப என்னால முடியாதுன்னு ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன். அதனாலதான் நிக்கிறேன்."

சோம்பேறிக்கு நல்ல சாக்கு என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஆனால் முகத்தில் தெரிந்திருக்கும், எனக்கு எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாது. எங்கள் ஒப்பந்தத்தை மட்டும் நினைவூட்டினேன்: குடிக்கும் ஆசை தலைதூக்கினால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிட வேண்டும். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. அவனுக்கென்று போனில் தனி மணி வைத்திருக்கிறேன்.

ஜூன் 13, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் ஜெபத்தில் இருந்தேன். அவனுக்காகத்தான். "ஆண்டவரே, என் தம்பியைத் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அவன் மணி. கேட்டது. நன்றாகக் கேட்டது.

எழவில்லை. ஜெபத்தைக் கலைக்க வந்த சோதனை என்று நினைத்தேன். நின்றது. மறுபடி அடித்தது. குரலை உயர்த்தி ஜெபித்தேன். என்ன ஜென்மம் நான்?

நேரம் முடிந்து கூப்பிட்டால் அவன் எடுக்கவில்லை. பிறகு அவன் மனைவிதான் கூப்பிட்டாள். இரவு வேலை முடிந்து வரும்போது கூட வேலை செய்பவன் காரில் பாட்டிலைத் திறந்திருக்கிறான். தம்பி பாதி வழியில் இறங்கி நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறான். அப்புறம் திரும்பக் காரில் ஏறிவிட்டான்.

போய்ப் பார்த்தேன். குளியலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். லிப்ட் பழுதுபார்க்கும் சீருடை முழுக்க வாந்தி. என்னைப் பார்த்து, "கூப்பிட்டேன்க்கா" என்றான்.

"போன் சத்தமில்லாம இருந்துச்சுடா. கேட்கல."

அந்தப் பொய் எப்படி அவ்வளவு லேசாக வந்தது?

ஜூன் 14, ஞாயிறு

சபையில் போதகர் பெண்களிடம், ஜெப வாழ்க்கை என்றால் இந்த அக்காவிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று என்னைக் காட்டினார். கூனிக் குறுகிப்போனேன். எழுந்து மறுத்தேனா? இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன், அதைத் தாழ்மை என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

ஜூன் 17, புதன்

முழங்காலில் நின்றால் மணிச் சத்தம்தான் கேட்கிறது. அலாரத்தை அணைத்துவிட்டேன். உபவாசமும் இல்லை. தம்பி சொன்னதுதான் சரி போலிருக்கிறது. இத்தனை வருஷம் நானே ஓட்டினேன், கடைசியில் குழியில் விட்டேன். இனி எல்லாம் ஆண்டவர் பாடு.

"உடம்பு சரியில்லையா?" என்றார் இவர். வழக்கமான கிண்டல் இல்லை. அதுவே பயமாக இருந்தது.

ஜூன் 22, திங்கள்

தம்பி மனைவி கூப்பிட்டாள். அவன் மறுபடி குடிக்கவில்லையாம், ஆனால் சாயங்காலமானால் கூண்டுக்குள் இருப்பதுபோல் வீட்டுக்குள்ளேயே நடக்கிறானாம். அவளுக்கு இந்த வாரம் முழுக்கக் கடையில் மாலை வேலை. கொஞ்ச நேரம் வந்து கூட இருக்க முடியுமா என்று கேட்டாள்.

நான் சொன்னேன் — எவ்வளவு அழகாகச் சொன்னேன் — "நான் அவனை ஆண்டவர்கிட்ட விட்டுட்டேன்மா. இனி அவர் பார்த்துக்குவார்."

"நீங்க ஆண்டவர்கிட்ட விட்டுட்டீங்க. நான் எங்க விடறது, அண்ணி?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ஒப்புக்கொடுத்தலாம்! அவன் முகத்தைப் பார்க்கப் பயம். அதற்கு ஒரு பக்தியான பெயர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். முன்பு சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்தேன், இப்போது இதற்குப் பின்னால்.

ஜூன் 24, புதன்

வேலையில் நீராவி இயந்திரத்தின் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிருமியைக் கொல்வது நான் இல்லை, நீராவி. ஆனால் நான் கழுவிப் பொதிந்து உள்ளே வைக்காவிட்டால் அது எதைச் சுத்தம் செய்யும்? அடடா, பிரசங்கம் தயார். தம்பியிடம் உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஜூன் 27, சனி

சொல்லிவிட்டேன்.

இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தான். நான் உட்காரக்கூட இல்லை. போன் மணி அன்றைக்கு எனக்குக் கேட்டது என்றேன். ரெண்டு தடவையும்.

திருப்புளியைக் கீழே வைத்தான். "என்ன பண்ணிட்டிருந்தே?"

"உனக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

சிரித்தான். அந்தச் சிரிப்பை இனி என்றைக்கும் கேட்க வேண்டாம். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"நான் குடிச்சதுக்கு நீ காரணம் இல்ல. அவன் நீட்டின பாட்டிலை வாங்கினது என் கை. அதையும் நீ உன் கணக்குல சேர்த்துக்காத. ஆனா குளியலறையில அந்த நிலைமையில இருந்தவன்கிட்ட பொய் சொன்னே பாரு..." மறுபடி வயரை எடுத்துக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினான். அது சரி என்பதற்கா, போ என்பதற்கா, தெரியவில்லை. அழுதுகொண்டே படி இறங்கினேன்.

ஜூலை 1, புதன்

குடியை விட்டவர்கள் கூடும் இடத்தில் ஒரு முடிதிருத்துபவர் இருக்கிறாராம். ஆசை தலைதூக்கினால் தம்பி இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறான். அவன் மனைவிதான் சொன்னாள். நியாயம்தான். வயிறு எரிகிறது. இதிலும் முதலிடம் கேட்கிறதே என் மனசு.

ஜூலை 6, திங்கள்

ஜெபிக்கப் பார்த்தேன். ஒரு சொல்கூட வரவில்லை. வேலை இடைவேளையில் தம்பியைக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு ஜெபமே வரலடா. எனக்காக நீ பண்ணு" என்றேன். அவனிடம் இப்படி எதையும் நான் கேட்டதே இல்லை. சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுப்பதுதான் என் பழக்கம்.

"எனக்கும் நேத்து வரலக்கா" என்றான். "சாயங்காலம் வா. ஒண்ணும் பேச வேண்டாம். எனக்கு அந்த நேரம்தான் ஆகாது."

போனேன். ஜெபம் யாரும் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து உலாவ ஆரம்பித்தான், நெற்றியெல்லாம் வியர்வை. வெளியே போகலாம் என்றேன். தெருவைச் சுற்றி நடந்தோம். மதுக்கடை இருக்கும் மூலை வந்ததும் அவன் நடை தயங்கியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், நடந்தான். அவன் என்னை இழுத்தானா, நான் அவனை இழுத்தேனா, தெரியாது.

வாசலில், "நாளைக்கும் வருவியா?" என்றான். பழைய நானாக இருந்தால் தினமும் இத்தனை மணிக்கு என்று சட்டம் போட்டிருப்பேன். வருவேன் என்று சொல்லக்கூட எனக்கு இப்போது தைரியம் இல்லை. "வரப் பார்க்கிறேன்டா" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், 'என்னை வரப்பண்ணும், என்னை வரப்பண்ணும்' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது, ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

ஜூலை 7, செவ்வாய்

போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.