தொப்புளுக்கு இடப்பக்கம்

மார்ச் 4
சர்க்கரை மறுபடி ஏறியிருக்கிறது. டாக்டர் இன்சுலின் அளவை இன்னும் கூட்டினார். "இப்படியே போனா கண்ணைப் பாதிக்கும்மா." கண் போனால் என் தையல் மெஷினை யார் ஓட்டுவது?

வீட்டுக்கு வந்ததும் இவர் பிஸ்கட் டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 5
இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளைத் திருடி ஆக்கியாச்சு.

மார்ச் 9
மகள் போனில்: "உண்மையைச் சொல்லும்மா, யாருக்கும் தெரியாம ஏதாவது சாப்பிடுறியா?" சத்தியமா இல்லடி என்றேன். "சரி, சரி" என்றாள். அந்த "சரி, சரி" இருக்கிறதே — வயிறு எரிகிறது.

மார்ச் 18
டாக்டர் இன்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் மருந்தாளரிடம் அனுப்பினார். நாள்பட்ட நோய்க்காரர்களை அவரும் கவனிக்கிறாராம். மருந்து எடுத்துக் கொடுப்பவருக்கு இதில் என்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. மூக்கு நுனியில் கண்ணாடி. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கவே இல்லை! "ஊசி எப்படிப் போடுறீங்க, காட்டுங்க."

எனக்கா ஊசி பிடிக்கத் தெரியாது? காட்டினேன். தொப்புளுக்கு இடப்பக்கம், எப்போதும் அதே இடம். பழகிய இடம், வலிக்காது.

விரலால் அழுத்திப் பார்த்தார். "இங்க தடிச்சுப் போயிருக்கும்மா. அதான் வலிக்கல. மருந்தும் உடம்புல சரியாச் சேரல."

"அப்போ, நான் திருட்டுத்தனமா சாப்பிட்டதால இல்லையே?"

"அப்படின்னு யார் சொன்னது?"

வெட்கமில்லாமல் அழுதேன். வெளியே உட்கார்ந்திருந்த இவரைக் கூப்பிட்டு, முழுசையும் மறுபடி சொல்ல வைத்தேன். கேட்கட்டும்!

பிறகு டாக்டரிடம் பேசி அளவைக் குறைத்தார்கள். பழைய அளவையே நல்ல இடத்தில் போட்டால் மருந்து முழுசாக ஏறி, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுமாம். இனி இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும், வீட்டிலேயே சர்க்கரை பார்க்க வேண்டும், வாராவாரம் அவரிடம் வர வேண்டும்.

மார்ச் 20
புது இடத்தில் சுருக்கென்று குத்துகிறது. குத்தட்டும்.

ஏப்ரல் 22
சர்க்கரை அளவாக இறங்கிவிட்டது. அப்பாடா! மருந்தாளரம்மா என்னைவிடச் சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் ஊசியை எடுத்தேன். "நேத்து இடது தொடையில போட்டே. இன்னைக்கு வலது தொடை." பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே இவர்!

அப்புறம் நூல் எடுக்கத் தையல் பெட்டியைத் திறந்தால், உள்ளே அலமாரிச் சாவி. எப்போது வைத்தாரோ. டீ போட்டு, இரண்டு பிஸ்கட்டும் எடுத்து வைத்தேன், அவருக்கு.