ஏழு அர்த்தநாரிகளும் ஒரு ஃப்ளாப்பியும்

5-4-88, செவ்வாய்
காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுத மெட்ராஸ் கம்பெனியிடம் விட்டிருந்தோம். அங்கிருந்து நிர்மலா வந்துவிட்டாள், ஃப்ளாப்பிகளோடு. நம் வீட்டில்தான் தங்கல். இனி எந்த போர்வெல் வண்டி எந்த ஊரில், எந்த ஆள் எந்த வண்டியில், எல்லாம் மிஷின் சொல்லுமாம். பன்னிரண்டு வருடமாக அதைச் சொன்னது என் நீள நோட்டு.

முதலாளி: "அந்த நோட்ட பரண்ல போட்றுங்க." போடவில்லை. மேஜை டிராயரில் இருக்கிறது.

வீட்டுக்காரி ருக்மணி: "நோட்டுக்கு இருக்கற மருவாதி எனக்கில்லீங்க." உண்மைதான் கொஞ்சம்.

7-4, வியாழன்
டிரைவர் அர்த்தநாரியின் மாமியார் காலையிலேயே வந்து நின்றார். "எம் பொண்ணு செல்விய பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில சேத்தியிருக்குதுங்க. ஆபரேசன்னு சொல்றாங்க. மாப்பிள்ளைய வரச் சொல்லோணுங்க."

மிஷினில் பெயரைத் தட்டினேன். வண்டி 4, நாக்பூர். பெருமையாகத் தந்தி கொடுத்தேன்: மனைவி ஆஸ்பத்திரியில், உடனே புறப்படு.

மாலை நாக்பூரிலிருந்து டிரங்கால். "வழுக்கையண்ணன் அழுதுக்கிட்டே ரயிலேறிட்டாருங்க."

போச்சு, ஆள் மாறிவிட்டது. செல்வியின் புருஷன் நொட்டாங்கை அர்த்தநாரி, இடதுகைக்காரன். வழுக்கை அர்த்தநாரிக்கு ஐம்பது வயது, பெண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். நோட்டைப் பிரித்தேன். நொட்டாங்கை: வண்டி 9, ராய்ச்சூர். ஓடிப்போய் இன்னொரு தந்தி.

8-4, வெள்ளி
தப்பு என்னுடையது. அர்த்தநாரி எங்கள் ஊர் மலைக்கோயில் சாமியின் பெயர், எங்களிடம் ஏழு பேருக்கு. பட்டப்பெயர் வைத்துத்தான் பிரித்துக் கூப்பிடுவோம். மெட்ராஸ் கம்பெனிக்குப் போகிற லிஸ்டில் வழுக்கை, நொட்டாங்கை என்று எழுதுவது மரியாதையா? வெறும் பெயரை எழுதி அனுப்பினேன். ப்ரோக்ராம் ஏழு பேரையும் ஒரே ஆளாக்கி, கடைசியாக ஏற்றிய ஊரை வைத்துக்கொண்டது.

நிர்மலா: "ஒரே பேர்ல ஏழு பேர்னு நீங்க சொல்லவே இல்லையே சார்."
"நீயும் கேக்கலியே கண்ணு."
அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகப் போயிற்று. மத்தியானம் வீட்டில் ருக்மணி இருவருக்கும் மோர் கொடுத்தாள்.

பிறகு உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு நம்பர். பட்டப்பெயரும் ஏறியது, கூச்சத்தோடு. ஒரு மாதத்துக்கு நோட்டும் மிஷினும் சேர்ந்தே ஓடட்டும் என்று அவளே சொன்னாள். ப்ரோக்ராமின் நகல் ஒன்று எங்கள் பீரோவில். முதலாளி சரி என்றார்.

ராய்ச்சூரிலிருந்து தகவல் இல்லை.

9-4, சனி
நொட்டாங்கை காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். ஆபரேஷனுக்கு முன் செல்வியைப் பார்த்துவிட்டான். பெண் குழந்தை. இருவரும் நலம். அப்பாடா.

10-4, ஞாயிறு
மத்தியானம் வழுக்கை வந்தாராம். கண் வீங்கி, மூட்டை முடிச்சோடு. ஆஸ்பத்திரி முழுக்கத் தேடிவிட்டு வீட்டுக்குப் போனால், பெண்டாட்டி மிளகாய் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து மறுபடி அழுதாராம்.

சாயங்காலம் அந்தம்மா ஆபீசுக்கு வந்தது. திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். நிர்மலா என் முதுகுக்குப் பின்னால்.

"இருவத்தாறு வருசத்துல எனக்குன்னு அவரு அழுது இப்பத்தானுங்க பாக்கறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. மிஷினைப் பார்த்தது. "அதுக்குள்ள அதச் செரி பண்ணிப்போட்டீங்களாமா?"