கூட்டத்துக்கு முன்பே எழுதிய அறிக்கை

அண்ணை,

ஸ்கொட்லாந்து மக்கள் தங்களுக்கென ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்று வாக்களித்துவிட்டதாக இன்று காலை வானொலியில் சொன்னார்கள். ஆட்கள் ஆரவாரிக்கும் சத்தம் கேட்டது. உங்களிடம் சொல்லலாம் என்று எழுந்து தொலைபேசிவரை போன பிறகுதான், நீங்கள் போய் ஒன்பது நாளாகிறது என்ற நினைப்பு வந்தது.

எண்பத்திரண்டு மார்கழியில், லண்டன் நோர்பரியில் உங்கள் வீட்டு முன்னறையில் இருந்துதான் எங்கள் நாட்டின் சர்வசன வாக்கெடுப்பு முடிவைப் பார்த்தோம். தேர்தல் வைக்காமலே நாடாளுமன்றத்தை நீடிக்கலாமா என்பது கேள்வி. சம்மதம் என்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். யாழ்ப்பாணம் குடத்துக்குப் போட்டது, நாடு விளக்குக்குப் போட்டது. நான் பென்சிலும் கையுமாக வாக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பேப்பரை என் கையிலிருந்து எடுத்து மடித்தீர்கள்.

"ஐசே, சனத்திட்டக் கேட்டது ஒரு கேள்வி. மிச்சக் கேள்வியளுக்கு மறுமொழி எழுதப்போறது ஆரெண்டு பாரும்."

அரசாங்கத்தைப் பற்றித்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அடுத்த வருடக் கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து புதிய ஆட்கள் லண்டனுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களையும் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் நீங்கள்தான் பிரேரித்தீர்கள். பெரும்பாலோர் கை உயர்த்தினார்கள். நான் செயலாளர். கூட்டம் நடக்க முன்பே அறிக்கையை எழுதி, முடிவுகளுக்கு மட்டும் இடம் விட்டு வைப்பது என் வழக்கம். "கலியாணத்துக்கு முதலே பிள்ளைக்குப் பேர் வைக்கிற மனுசன்" என்று என்னைப் பகிடி பண்ணுவீர்கள்.

கூட்டம் முடிந்து மண்டபத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, தலைவரான டொக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஆட்கள் வரட்டும், ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டாமா என்றார். ஒரே விலாசத்தில் இரண்டு வருடம் இருந்தவர்கள் மட்டும் என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார். வெற்றிடத்தில் அதை எழுதினேன். அழகாகத் தட்டச்சும் செய்தேன். செயற்குழுவில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தட்டச்சு செய்த தாளைக் கண்டால் எல்லாம் ஏற்கெனவே முடிந்ததாகவே ஆட்கள் நினைக்கிறார்கள். அன்று நீங்கள் ஷிப்டில் இருந்தீர்கள்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு, உங்கள் மேல் அறையில் தங்கியிருந்த கணித வாத்தியார் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். ஒரு வருடத்துக்குள் மூன்று வீடு மாறியவர். வாசலில் பெயர்ப் பட்டியலோடு நின்றவன் நான். அவர் முகத்தைப் பார்க்காமல் பட்டியலையே பார்த்தேன். "பரவாயில்லை சேர், நான் வெளியில நிக்கிறன்" என்றார். நீங்களும் எழுந்து போய் பஸ் தரிப்பில் அவரோடு நின்றீர்கள். நான் பின்னால் வந்தேன்.

"சனம் ஓம் எண்டது. நீர் அதுக்குக் கீழ ஏலாது எண்டு எழுதிப்போட்டீர்."

டொக்டர் சொன்னவர் என்றேன்.

"டொக்டர் சொன்னவர். பேனை ஆரின்ர கையில இருந்தது?"

அதற்குப் பிறகும் நீங்கள் என்னோடு பேசாமல் விடவில்லை. என் வீட்டுக்கு வந்தீர்கள், என் அறிக்கைகளை மட்டும் பிறகு ஒருநாளும் வாசித்துப் பார்க்கக் கேட்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். ஒவ்வொரு வருடமும் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன்.

வாத்தியார் பிறகு சேரவேயில்லை. விலாசம் நிலைத்த பிறகும் விண்ணப்பம் கேட்டு வரவில்லை. கடைசி மாதங்களில் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தவர் அவர்தான்.

வானொலியை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் டொக்டரின் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் அஞ்சலிக் கூட்டம். பேசுவோர் நான்கு பேர், உறுப்பினர்கள் மட்டும் என்றார். வாத்தியாரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். என்ன விடயம் என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். நான் மாறவில்லை, அண்ணை.

ஆனால் மேசையடியில் உட்கார்ந்து, வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை எழுதத் தொடங்கினேன். பெயர்களை வாசித்து அழைக்கப்போகிறவன் நான்தான். பென்சிலை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். 'முதலாவதாகப் பேசுபவர்' என்பதற்குப் பக்கத்தில் வாத்தியாரின் பெயரை எழுதினேன். இந்த முறை வெற்றிடம் ஒன்றும் விடவில்லை. எழுத்துக் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. இனி அதை வாசிக்க வேண்டும், சத்தமாக.