ஏகாம்பரம் டயருக்குள் வைத்த தோல்

அன்பு மச்சான் ஏகாம்பரத்துக்கு,

அன்பு என்று தொடங்குவதுதான் கடிதத்துக்கு முறை என்று எங்கள் டீச்சர் சொன்னார். அதனால் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு நீ மேலே உட்கார்ந்து மீசையை முறுக்க வேண்டாம்.

யார் எழுதுவது என்று திகைத்திருப்பாய். உன் மனைவி காவேரியின் அண்ணன் முனுசாமிதான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல யாரோ எழுதவில்லை. என் கை, என் பேனா. ஒரு வரி முடிவதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். ஒரு வார்த்தையை முடித்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

நீ போன பிறகு பஞ்சாயத்துப் பள்ளியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். நான் முதல் வரிசை. நீ உயிரோடு இருந்திருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, "இன்னா மச்சான், எல்கேஜியா யூகேஜியா" என்று ஊர் கேட்கும்படி கேட்டிருப்பாய். நீ செத்ததால் எனக்குக் கிடைத்த லாபம் இது. மறைக்காமல் சொல்கிறேன்.

நாம் தோல் பதனிட்ட டேனரியில் டீ நேரத்தில் நீதானே எங்களுக்குப் பேப்பர் படிப்பாய். எங்கள் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். "மச்சான், உன் பேரு பேப்பர்ல வந்திருக்குது. ஆம்பூர் முனுசாமி, ஆடு திருடினவன், போலீசு தேடுதாம்" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் படிப்பாய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பொய் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாளில் உண்மையில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதே. அதுதான் எனக்கு எரியும்.

ஒரு நாள் வாணியம்பாடி போக நின்றிருந்தேன். வந்த பஸ்ஸைக் காட்டி உன்னைக் கேட்டேன். "இதான், ஏறு ஏறு" என்றாய். பேரணாம்பட்டில் போய் இறங்கினேன். நான் திரும்பி வரும்வரை பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்து சிரித்தாய். அதற்கென்று வேலையை விட்டுவிட்டு நின்ற ஒரு மனிதனை என்ன சொல்வது?

இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை நானே படிக்கிறேன். கடைப் பலகைகளைப் படிக்கிறேன். பிரியாணிக்கடைச் சுவரில் 'கடன் கேட்காதீர்' என்பதைச் சத்தமாகப் படித்து முதலாளியிடம் முறைப்பு வாங்கினேன். உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கரண்டுக் கம்பத்தில் வெளுத்துப்போய்ப் பாதி கிழிந்து தொங்குகிறது. அதையும் படித்தேன். 'பண்பாளர்' என்று போட்டிருக்கிறார்கள். தப்பாகப் படித்தேனோ என்று இன்னொரு முறை படித்தேன். பண்பாளராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மோட்டார் சைக்கிளின் பின் டயர்.

வண்டியை இப்போது உன் பெண் வனிதாதான் ஓட்டுகிறாள். வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். அது உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நடந்தது. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் அவள் தெருவுக்கு வருவதில்லை. அதனால் உன் வண்டியை எடுத்தாள். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறாள். நீ பால்காரன் மாதிரி ஓட்டிய வண்டியா இது என்று இருக்கிறது.

மழை முடிந்ததிலிருந்து பின் டயர் பஞ்சர். ஒட்டினால் சில நாள் ஓடும், மறுபடியும் பஞ்சர். எப்போதும் பின் டயர்தான். ரோட்டோரக் கடைக்காரர்கள் டியூபை உருவுவார்கள், ஒட்டுவார்கள், திணிப்பார்கள். ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. வனிதாவின் நேரம் சரியில்லை என்று உன் மனைவி வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினாள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கிய அன்றைக்கே மறுபடியும் பஞ்சர்.

கடைசியாக மின்னூர் தாண்டி, போகிற வேகத்தில் காற்று மொத்தமாக இறங்கிவிட்டது. வண்டி பாம்பு மாதிரி நெளிந்திருக்கிறது. பின்னால் லாரி. அந்த டிரைவர் பிரேக் போட்டு, ஹாரன் அடித்து, ஒதுங்கிப் போயிருக்கிறான். பெண் வண்டியை ரோட்டோர மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டாள். எனக்குப் போன் செய்து, "மாமா, ஒண்ணும் ஆகல. நீங்க வாங்க" என்று மட்டும் சொன்னாள். குரல் அவள் குரலாக இல்லை.

நான் ஒரு குட்டியானை வண்டி பிடித்துப் போய், மோட்டார் சைக்கிளை அதில் ஏற்றி, அவளையும் கூட்டிக்கொண்டு, நம் பக்கத்து அன்வர் பாய் பஞ்சர் கடைக்கு வந்தேன். அவர் டியூபைத் தூக்கித் தொட்டியில் போடுவதற்கு முன் டயருக்குள் கையை விட்டுச் சுற்றித் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது.

"பெரியவரே, இங்க தொட்டுப் பாருங்க."

தொட்டேன். இருட்டிலும் தெரியுமே எனக்கு. "தோலு" என்றேன்.

"தோலேதான். டயருக்குள்ள தோல வச்ச மகராசன் யாருன்னு கேக்கலாம்னு இருந்தேன். வேணாம். டேனரிக்காரன தவிர எவன் வைப்பான்?"

"எங்க மச்சான்."

"அப்ப செரி" என்றார்.

செருப்பின் அடிக்கு வைக்கும் கெட்டித் தோல். எப்போதோ தகரம் கிழித்த வெட்டுக்கு உள்பக்கமாக, டியூபுக்கும் டயருக்கும் நடுவில் அதை வைத்திருக்கிறாய். ஓரம்கூடச் சீவியிருக்கிறாய். அந்தச் சீவலைப் பார்த்ததும் உன் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மழைத் தண்ணீர் வெட்டு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. தோல் ஊறி, காய்ந்து, விறைத்து, ஓரம் நகம் மாதிரி எழும்பியிருக்கிறது. வண்டி ஓட ஓட அது டியூபைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. உயிரோடு இருந்தவரை என்னைக் குத்தினாய். செத்த பிறகு பெற்ற பெண்ணைக் குத்துகிறாயா?

நம் வீடுகளில் எது ஓட்டையானாலும் தோல்தானே வைப்போம். கைப்பம்புக்கு வாஷர் தோல். கதவு ஆடினால் கீலுக்கு அடியில் தோல். கட்டில் கால் சத்தம் போட்டால் தோல். "தோல் கைவிடாது மச்சான்" என்று நீதான் சொல்வாய். ஊறிய தோல் காய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவனா நீ? சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நின்றவன் ஆயிற்றே. ஊருக்குள் மெதுவாக ஓட்டும் வண்டிதானே என்று வைத்தாயா? உன் பெண் ஹைவேயில் போவாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? பார், உனக்கு நானே வக்கீல் வேலை பார்க்கிறேன். அது வேறு.

அன்வர் பாய் இரண்டு வழி சொன்னார். "உள்ளார ரப்பர் பேட்ச் வச்சி, டியூபயும் ஒட்டித் தரேன், ஊருக்குள்ள ஓட்டலாம். இல்ல, டயரையே மாத்திடுங்க. டயரு மேல பட்டன் இன்னும் கீது, தேயல. ஆனா வெட்டு பெருசு. யோசிச்சு சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் காவேரி அழவில்லை, சண்டைக்கு வந்தாள்.

"டயர மாத்தக் கூடாது. சீட்டு மாத்தியாச்சு, லைட்டு மாத்தியாச்சு. அவரு கைப்பட்டது அந்தத் தோலு ஒண்ணுதான் பாக்கி. வாசல்ல உக்காந்து அவரு வச்சாரு, நான்தான் டியூப புடிச்சிக்கினேன். அதையும் எடுத்துட்டா அது யாரு வண்டி?"

"பொண்ணு ஓட்டுற வண்டி" என்றேன்.

"உனக்கு எப்பவுமே அவர புடிக்காது. அதான் சாக்குன்னு எடுக்கப் பாக்குற."

பிடிக்காதுதான். ஆனால் அவள் சொன்னதில் எனக்கு ஒரு புத்தி தோன்றியது. நல்ல புத்தி இல்லை. நீ வைத்தது மோசமான தோல், அவ்வளவுதானே. நான் வைத்தால்? என் பழைய கத்தியைத் தீட்டினேன். பெட்டியில் கிடந்த மெல்லிய தோலில் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை வெற்றிலை ஓரம் போல் ஆகும்வரை சீவினேன். எங்கே தோல் முடிகிறது என்று விரலுக்கே தெரியாது. டேனரியில் என்னைவிடச் சுத்தமாகச் சீவுகிறவன் என்று உன்னைத்தானே எல்லாரும் சொன்னார்கள். அன்றைக்கு நீ தோற்றாய். சந்தோஷத்தில் சாப்பாடுகூட இறங்கவில்லை.

மறுநாள் கடையில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். வனிதா லீவு போட்டிருந்தாள். காவேரி உன் டயரைக் காவல் காக்கவே வந்திருந்தாள். நான் என் தோலை எடுத்து நீட்டினேன். "இத வச்சி ஒட்டு பாய். டயர் அதே டயர். தங்கச்சிக்கும் மனசு ஆறும்."

அன்வர் பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வேல சுத்தம். மச்சான விட ஜாஸ்தி சுத்தம்." நான் சிரித்துவிட்டேன். உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

வனிதா கேட்டாள். "மழை வந்தா, மாமா?"

"இது மெல்லிசு. சீக்கிரம் காஞ்சிடும்."

"காஞ்சா?"

காய்ந்தால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்கிறாள். வாழ்நாள் முழுக்கத் தோலைக் காயவைத்தவன் நான்.

அவள் என்னை முறைத்தாள். அச்சு அசல் உன் முறைப்பு. "அப்பா தோலு அப்பாவோட போட்டிக்கு. உங்க தோலு உங்க போட்டிக்கு. ரெண்டு பேரும் டேனரிலயே சண்ட போட்டுக்குங்க. லாரி என் பின்னாலதான் வருது மாமா."

காவேரி எழுந்து, அன்வர் பாய் உருவி வைத்திருந்த உன் தோலைக் கையில் எடுத்தாள். முகத்தில் ஒற்றிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதன் ஓரத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். விரலில் வெள்ளைக் கோடு விழுந்தது. இன்னொரு முறை இழுத்தாள். சிவந்தது.

"இது மேலயா எம்பொண்ணு தெனம் உக்காந்துக்கினு போனா?" என்றாள். பிறகு அந்தத் தோலை என் மேல் வீசினாள். உன் மேல் வீச முடியாதே, நான்தானே கையருகில் இருந்தேன். "தோல தவிர உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாதா? பாய், டயர மாத்து. டியூபயும் மாத்து."

மாற்றிவிட்டோம். புது டயரில் முள் முள்ளாக ரப்பர் முடி இருக்கிறது, மச்சான். தடவித் தடவிப் பார்த்தேன். பக்கவாட்டில் எழுதியிருப்பது இங்கிலீஷ். அதையும் படிக்காமல் விடுவதாக இல்லை. வனிதா கடையிலிருந்து பஜார் கடைசிவரை ஓட்டிவிட்டுத் திரும்பினாள். முன்பெல்லாம் கீழே குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவாள். அன்றைக்கு நிமிர்ந்து ஓட்டினாள். காவேரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வண்டி யாருடையது என்று அப்புறம் அவள் கேட்கவில்லை.

நான் சீவிய தோலை அன்வர் பாய் கடையிலேயே விட்டுவிட்டேன். எண்ணெய்க் கை துடைக்கிறார். உன் தோலை எடுத்துக்கொண்டு வந்தேன். நான் எழுதுகிற மேஜைக்கு ஒரு கால் குட்டை. எழுதும்போதெல்லாம் ஆடும், எழுத்து கோணும். இப்போது அந்தக் காலுக்கு அடியில் நீ இருக்கிறாய். துளி ஆட்டம் இல்லை. உன்னை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தால் நன்றாகத்தான் நிற்கிறாய். இந்தக் கடிதம் முழுக்க உன் மேல் நின்றுதான் எழுதினேன்.

எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுதிய கடிதத்தைச் சேர்த்து அச்சடித்து ஊருக்குக் கொடுக்கப்போகிறார்கள். உன் முதல் வருஷத் தெவசத்துக்குள் வந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். பேப்பரில் என் பெயர் வந்ததாகப் பொய் படித்தாயே, இப்போது உன் பெயர் நிஜமாகவே அச்சில் வரப்போகிறது. டயருக்குள் தோல் வைத்தவன் என்று ஊரே படிக்கும். படையல் போடும்போது நான் எழுந்து நின்று சத்தமாகப் படிப்பேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன், ஒரு வார்த்தைகூட விட மாட்டேன். உன்னைப் போல் இல்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். உனக்காக இல்லை, அவளுக்காக. உன் பெண் ஓட்டுகிற வண்டியில் டயர் வெட்டுப்பட்டால் மாற்றுவேன். நீ வைத்ததையும் வைக்க மாட்டேன், நான் வைக்க நினைத்ததையும் வைக்க மாட்டேன். கை சும்மா இருக்காமல் கத்தியைத் தேடினால், அந்தக் கையில் பேனாவைக் கொடுத்து உன்னைத் திட்டி எழுதிக்கொள்வேன்.

உன்னை மன்னிக்காத மச்சான்,
வனிதாவின் தாய்மாமன்,
முனுசாமி
(நானே போட்ட கையெழுத்து)