சிவப்புக் கோடும் உள்ளங்கைச் சீனியும்

ஒக்டோபர் 14, செவ்வாய்

இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தது காணும். நல்லவன் என்ற பெயரை வைத்துக்கொண்டு என்ன கண்டேன்? இங்கேயாவது எழுதுகிறேன்.

மழை. கூரைப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் சுவரில் வழிகிறது. ஏணி பக்கத்து வீட்டில். கேட்க விருப்பமில்லை.

ஞானம் அண்ணையின் முப்பத்தோராம் நாள் 25ஆம் திகதி, சனி. நினைவு மலரில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுத றெஜினாவிடம் கொடுத்துவிட்டார்களாம். அவருடைய மருமகள். பாரிசிலிருந்து வந்து டூட்டிங்கில் இருக்கிறாள். ஏதோ ஹோட்டல் கிச்சினில் வேலை.

இருபது வருசமாக எங்கள் சனத்தில் யார் செத்தாலும் அதை எழுதியது நான். ஹரோவிலிருந்து சவுத்தால் வரை. ஞானம் அண்ணை மற்றவர்களைப் போலவா? இந்த ஊருக்கு வந்த முதல் குளிரில் அவருடைய அறையில்தான் படுத்தேன்.

மனுசி சொல்கிறாள்: "அவள் அந்தாளின்ர சொந்தத் தங்கச்சியின்ர மகள். எழுதட்டுமன். நீங்கள் செத்தால் உங்களுக்கு நீங்களே எழுதுங்கோ."

இவர்கள் செய்ததில் மறக்கக் கூடாதவை: தமிழ்ப் பள்ளி அதிபர் பதவியை எனக்குத் தராதது. நத்தார் ஒளிவிழாவில் என் பேச்சைப் பாதியில் நிறுத்தியது. இப்போது இது.

ஒக்டோபர் 15, புதன்

மழை விட்டது. பீலி அப்படியே.

ஞானம் அண்ணையின் மகன் டெரன்ஸ் அனுப்பிய மெசேஜ்: "அங்கிள், றெஜினா மச்சாள் எழுதினது. எழுத்துப்பிழை மட்டும் பாத்துத் தாங்கோ." மட்டும்! கம்பசில் முதல் வகுப்பு எடுத்தவனுக்கு எழுத்துப்பிழை பார்க்கிற வேலை.

கந்தோரில் மதிய இடைவேளையில் வாசித்தேன். இரண்டு பக்கம். பிழை இல்லை. ஒரு இடம்: "மாமா தேத்தண்ணியில் சீனி போட மாட்டார். உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கிக் குடிப்பார். டொக்டர் சீனியை நிறுத்தின பிறகும், வெறும் உள்ளங்கையை ஒருதரம் நக்கிவிட்டுத்தான் கோப்பையை எடுப்பார்."

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கோபம். கிச்சினில் வெங்காயம் வெட்டுகிறவளுக்கு இந்த எழுத்து எங்கிருந்து வரும்?

கவுன்சிலில் பார்க்கிங் முறைப்பாடு எங்கள் பிரிவு. தண்டம் கட்ட விரும்பாதவர்கள் எல்லோரும் இப்போது ஏஐயிடம் கடிதம் எழுதி வாங்கி அனுப்புகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் இணையத்தளம் ஒன்றை வசந்தி பாவிக்கிறாள். சென்னைக்காரி, அடுத்த மேசை. தளத்தின் விலாசம் கேட்டேன்.

"தரேன் சார். ஆனா அதை நம்பி யாரையும் ஒண்ணும் சொல்லிடாதீங்க. நான் கையால எழுதின லெட்டரையே மெஷின்னு சொல்லிச்சு. நம்ம இங்கிலீஷ் அதுக்குப் பிடிக்கல போல."

சிரித்தேன். அவளுடைய இங்கிலீஷ் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தளத்துக்குத் தமிழ் தெரியாது. றெஜினா எழுதியதை மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றில் போட்டு, வந்த ஆங்கிலத்தை எடுத்து அதில் போட்டேன். சிவப்புக் கோடு கடைசி வரை ஓடியது. 'இயந்திரம் எழுதியிருக்க மிகுந்த வாய்ப்பு.'

நல்ல பசி எடுத்தது.

ஒக்டோபர் 16, வியாழன்

வெயில். டெரன்சுக்குப் போன் எடுத்து, மெஷின் எழுதியது என்று சொன்னேன்.

"ஷுவரா அங்கிள்?"

"நான் சொல்லேல்லைத் தம்பி. கொம்பியூட்டர் சொல்லுது. படம் அனுப்பிறன், பார்."

சிவப்புக் கோட்டின் படத்தை அனுப்பினேன். பிறகு: "அப்பாவைப் பற்றி எழுத... மெஷினிட்டயா குடுத்தவ?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். "இந்தக் காலத்தில எல்லாரும் செய்யிறதுதான். அவளை ஏசாதை" என்றேன். பெருந்தன்மை.

மொழிபெயர்த்த விசயத்தைச் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

பின்னேரம் அவனே போன் எடுத்தான். "அங்கிள், உங்களையே எழுதட்டாம், அம்மா சொல்லுறா. திங்கள் பிரிண்டுக்குப் போகுது."

சாப்பாட்டுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன். பழக்கம்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

பூசை. தேவாலயப் பாட்டுக்குழுவில் றெஜினா இல்லை. தடிமன், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன்.

காரில் வரும்போது மனுசி: "மெழுகுதிரி கொளுத்திற இடத்தில ரெண்டு பேர் கதைக்கினம். மாமனுக்கு அழுகிறதையும் ஓடர் பண்ணி எடுத்தவளாம். ஆரப்பா இதைச் சொல்லித் திரியிறது?"

"எனக்கென்ன தெரியும்."

யாரிடம் சொன்னேன்: டெரன்ஸ். பிறகு, பூசைக்கு வருகிற அல்போன்ஸ், வெள்ளிக்கிழமை, கடை வாசலில். அவனிடம் சொன்னால் எங்கே போகும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

ஏணி வாங்கவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

காற்று. மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் தாமதம்.

மலர் அச்சாகி வந்துவிட்டது. என் பெயர் கடைசியில், சிறிய எழுத்தில். ஆசை விடவில்லை. என் எழுத்துக்கு அந்தத் தளம் பச்சை காட்டுவதைப் பார்க்க வேண்டும். அதே மாதிரி ஆங்கிலமாக்கிப் போட்டேன்.

சிவப்பு.

திரும்பப் போட்டேன். சிவப்பு.

அப்பாவுக்கு நான் எழுதிய குறிப்பு கொம்பியூட்டரில் கிடந்தது. அப்போது ஏஐ என்று யாரும் கேள்விப்பட்டதே இல்லை. அழுது அழுது எழுதியது. அதையும் போட்டேன். கடைசி வரை சிவப்பு.

பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. தளம் பார்த்தது றெஜினாவின் தமிழை அல்ல. மொழிபெயர்ப்புத் தளம் செய்த ஆங்கிலத்தை. இயந்திரம் எழுதிய ஆங்கிலத்தைக் கொடுத்து, இதை இயந்திரமா எழுதியது என்று கேட்டிருக்கிறேன். ஓம் என்றது. பாவம், அது என்ன செய்யும்.

இவ்வளவு படித்தவன்.

இதுகூடப் பெரிதில்லை. பெரிது வேறு. சீனியைப் பற்றிய அந்த வரியை வாசித்த அன்றே எனக்குத் தெரியும். வெறும் உள்ளங்கையை நக்குகிற மனிசனை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தவன். எந்த இயந்திரம் கண்டது அதை? தெரிந்துகொண்டுதான் தளத்தைத் தேடினேன். உண்மையை அறிய அல்ல. சிவப்புக் கோடு ஒன்று வேண்டியிருந்தது.

வசந்தி: "என்ன சார், முகமே சரியில்ல?"

"தலையிடி."

டெரன்சின் நம்பரை எடுத்தேன். வைத்தேன். அச்சாகிவிட்டதே, இனி என்ன என்று எனக்கு நானே சொன்னேன். அதுவும் தப்புவதற்கு ஒரு சாட்டு.

ஒக்டோபர் 25, சனி

தூறல். முப்பத்தோராம் நாள் பூசை. பிறகு ஹோலில் சாப்பாடு: ரோல்ஸ், பற்றிஸ், ஆட்டுக்கறி. எல்லோர் கையிலும் மலர்.

ஞானம் அண்ணையின் மனைவி என் கையைப் பிடித்து அழுதா. கையை எடுக்க முடியவில்லை.

அல்போன்ஸ், வாயில் ரோல்சோடு, என் குறிப்பை வாசித்தான்: "'பழகுவதற்கு இனியவர், பண்பின் சிகரம்.' அண்ணை, எங்கட அப்பருக்கும் இதைத்தானே எழுதினனீங்கள்? சிகரத்தில இடம் காணுமோ அவைக்கு?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மைதான். பெயரையும் ஊரையும் மாற்றி மாற்றி இருபது வருசம்.

றெஜினா வந்திருந்தாள். தனியாக, கதவுப் பக்கக் கதிரையில். போய்விடலாம் என்று பார்த்தேன். அவளே எழும்பி வந்தாள்.

"அண்ணை, வாசிச்சனான். நல்லா எழுதியிருக்கிறியள்."

"ம்."

"ஒண்டு கேக்கட்டே? உங்களுக்குத்தான் இதெல்லாம் விளங்கும். நான் வேலைக்குப் போகேக்க பஸ்ஸில இருந்து போனிலதான் எழுதினனான். போன் அடுத்த சொல்லைத் தானாக் காட்டுமெல்லே? அவசரத்தில ரெண்டு மூண்டு இடத்தில அதைத் தொட்டிட்டன். அதைத்தான் கொம்பியூட்டர் பிடிச்சதோ?"

கையிலிருந்த மலரைச் சுருட்டினேன்.

"சத்தியமா வேற ஒண்டும் செய்யேல்லை அண்ணை. மாமி இப்ப என்னோட கதைக்கிறா இல்லை. கையால எழுதிக் குடுத்திருக்கலாம். என்ர பிழைதான்."

சொல்ல வேண்டிய இடம் அது. அதைவிட நல்ல இடம் இனி வராது. டெரன்ஸ் பக்கத்தில். அவளுடைய மாமி, ஞானம் அண்ணையின் மனைவி, பத்தடி தள்ளி.

"இருக்கலாம் பிள்ளை" என்றேன்.

இருக்கலாம்! அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

குளிர்கால நேரம் தொடங்கியது; மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு வைத்தேன். பூசைக்குப் போகவில்லை.

மனுசியிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைத் திரும்பவும் துடைத்தாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மரண அறிவித்தல் இணையத்தளத்தில் ஞானம் அண்ணையின் பக்கம் இன்னும் இருக்கிறது. யாரும் அனுதாபம் எழுதலாம். எல்லோரும் பார்ப்பார்கள், டெரன்சும் மாமியும் முதலில். றெஜினாவின் இரண்டு பக்கமும் என் போனில் இருந்தது. ஒரு சொல் மாற்றாமல் முழுவதையும் அதில் ஒட்டினேன். மேலே அவள் பெயர். கீழே என் வரிகள்:

'இது றெஜினா தானே எழுதியது. இயந்திரம் எழுதியது என்று சொன்னது பொய். இதை மொழிபெயர்ப்புத் தளத்தில் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைச் சோதித்துவிட்டு வந்த பேச்சு அது. சோதித்தவருக்கு அதற்கு முன்பே உண்மை தெரியும். றெஜினாவிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.'

'எல்லோரும்' என்பதை அழித்தேன். 'சோதித்தவருக்கு' என்பதற்குப் பதிலாக 'சோதித்த எனக்கு' என்று எழுதினேன். அதற்கே அரை நாள்.

கடைசியில் ஒரு பெட்டி: 'உங்கள் பெயர் (விரும்பினால்)'.

மனுசி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பேர் போடேல்லையே?"

"யோசிக்கிறன்."

"அவளைப் பற்றிக் கதைக்கேக்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கதைச்சவை."

போய்விட்டாள். தேத்தண்ணி ஆறிப்போச்சு. படத்தை அனுப்பியது யார் என்று டெரன்சுக்குத் தெரியும். மாமிக்குத் தெரிய வரும். அவர்கள் என்னைக் கண்டுகொள்ளட்டும், நானாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். இதற்குப் பெயர் என்ன என்பதும் தெரியும். இரண்டு தரம் பெயரை எழுதினேன். இரண்டு தரமும் அழித்தேன். இன்னும் தாமதித்தால் இதையும் அழித்துவிடுவேன்.

பெட்டி வெறுமையாக இருக்கட்டும். இப்படியே போடுகிறேன்.